எண்ணூற்றுப் பன்னிரண்டாவது ஸ்தோத்திரம்

எங்கள் சபை ஐயர் இரண்டாவது குறிப்புக்கு வந்துவிட்டார். அவருடைய பிரசங்கத்தில் எப்போதும் மூன்று குறிப்புகள்தான், ஆகையால் இன்னும் ஒன்று, பிறகு ஜெபம், பிறகு அறிவிப்புகள், பிறகு சாட்சி நேரம், சாட்சி நேரத்தில் நான். மூன்றாம் ஞாயிறு எங்கள் கோயிலில் சாட்சி ஞாயிறு. பஸ் கவிழ்ந்து பிழைத்தவர்கள், கட்டி கரைந்தவர்கள், பிள்ளைக்கு விசா கிடைத்தவர்கள் எல்லாரும் மைக்குக்கு முன்னால் வந்து சொல்வார்கள், நாங்கள் கேட்போம். புருஷன் செத்ததைச் சாட்சியாகச் சொல்லப் போகிறவள் எனக்குத் தெரிந்து நான்தான் முதல். புதன்கிழமை ஐயர் வீட்டுக்கு வந்து, டீச்சர், அன்றைக்கு நடந்ததை அப்படியே சொன்னால் போதும், சபைக்குப் பெரிய பலமாக இருக்கும் என்றார். சரிங்கய்யா என்றேன். எந்த ஐயர் எதைக் கேட்டாலும் என் வாய் சரிங்கய்யா என்றுதான் சொல்லும், அதற்கு என் அனுமதி வேண்டியதில்லை. உள்ளே என் மகள் கெசியா துணிகளை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். உதறுகிற சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் கேட்டது.

அப்படியே என்றால் எப்படி. அன்று வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டில் உபவாச ஜெபம், பன்னிரண்டு பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தோம், ஆயிரம் ஸ்தோத்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எப்சிபா அக்காவிடம் ஒரு குட்டிப் புத்தகம் உண்டு, அட்டை போய்ப் பிளாஸ்திரி ஒட்டியது, அதில் ஆண்டவருக்குச் சொல்ல வேண்டிய ஆயிரம் நன்றிகள் நம்பர் போட்டு அச்சடித்திருக்கும். அக்கா ஒவ்வொன்றாக வாசிப்பாள், மற்றவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஸ்தோத்திரம் என்று பதில் சொல்ல வேண்டும். காற்றுக்கு, ஸ்தோத்திரம். கண்ணுக்கு, ஸ்தோத்திரம். முதல் ஐம்பது வரைக்கும் மனசும் கூட வரும், இருநூறுக்கு மேல் நாக்கு மட்டும் வரும், ஐந்நூறைத் தாண்டிவிட்டால் அது தையல் மெஷின் மாதிரி தன்னால் ஓடும், காலை எடுத்தாலும் இரண்டு தையல் போட்டுவிட்டுத்தான் நிற்கும். எண்ணூற்றுப் பதினொன்று முடிந்தபோது வாசலில் ஐயர் வந்து நின்றார். நல்ல மனுஷர், ஆனால் கெட்ட செய்தியைப் பேச்சுத் தமிழில் சொல்ல அவருக்கு வராது, பீடத்தில் நின்று பேசுகிற மாதிரிதான் வரும், அதே இழுவை, அதே நிறுத்தம். "நம்முடைய ஆசீர் அண்ணாச்சி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்" என்றார். நான் "ஸ்தோத்திரம்" என்றேன்.

நடந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவர்கள் நடத்தியது. எப்சிபா அக்கா புத்தகத்தோடு முழங்காலில் விழுந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்கள் விழுந்தார்கள். புருஷன் போன செய்திக்கு நன்றி சொன்ன விசுவாசத்தை இந்த நாட்களில் எங்கே பார்ப்பது என்று அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் சேகரத்துச் சபைகள் முழுக்கப் பேச்சாகிவிட்டது. அடக்க ஆராதனையில் அதையே பிரசங்கமாக்கினார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை எனக்கு, மண் போடச் சொன்னார்கள், போட்டேன், கையைத் தட்டிக்கொண்டேன், அதையும் பார்த்து அதிசயப்பட்டார்கள். மரத்துப்போனதற்கும் விசுவாசத்துக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது போலிருக்கிறது. பக்கத்துச் சேகரத்திலிருந்து ஒரு அம்மாள் ஆட்டோ பிடித்து வந்து என் கையைத் தன் தலையில் வைத்து ஆசி வாங்கிக்கொண்டு போனாள். ஆனால் ஐயருக்குப் பின்னால் வாசலில் கெசியாவும் நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஐயருடைய காரில்தான் வந்தாள். நான் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகு சமையலறை வாசலில் நின்று கேட்டாள், "அப்பா செத்தது உங்களுக்கு ஸ்தோத்திரமா?" நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். "வேண்டாம்" என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னை அம்மா என்று கூப்பிடவில்லை. சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, கதவு பூட்டியாச்சா. நம் பாஷையில் யாரையும் கூப்பிடாமலே மாசக்கணக்கில் பேசிவிடலாம், இத்தனை வருஷம் இந்தப் பாஷையைப் பேசியும் அது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. முப்பத்தேழு நாள். இன்று மூன்று மணி ரயிலுக்குப் பெங்களூர் போகிறாள். கிறிஸ்மஸுக்கு லீவு கிடைக்காது என்று இந்த ஏப்ரல் மாசத்திலேயே சொல்லிவிட்டாள். போனால் போனதுதான், எனக்குத் தெரியும், அவள் அப்பா மாதிரி அவளுக்கும் கோபம் சத்தமில்லாமல்தான் வரும்.

மூன்றாவது குறிப்பு. விசுவாசத்தின் ஆழம் என்கிறார் ஐயர். மின்விசிறி எங்கள் பெஞ்சுக்கு வருவதற்குள் காற்று முன்வரிசைக்காரர்களிடம் தீர்ந்துவிடுகிறது. முன்வரிசையில் பாடகர் குழு, அவர்களில் பாதிப் பேருக்கு விசுவாசம் சுருதியில்தான், அதற்கு மேல் கேட்டால் ஓடிவிடுவார்கள், ஆனால் பாடும்போது மட்டும் அவர்கள் முகத்தில் ஒன்று வரும், அது பொய் என்று என்னால் சொல்ல முடியாது. கணக்கு டீச்சர் புத்தி, உட்கார்ந்த இடத்தில் எல்லாருக்கும் மார்க் போட்டுக்கொண்டிருப்பேன். எப்சிபா அக்காவுக்கு நூற்றுக்கு நூறு, நகை போடமாட்டாள், வெள்ளிக்கிழமை தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். கிறிஸ்மஸுக்கும் அசனப் பந்திக்கும் மட்டும் வருகிற கூட்டத்துக்குப் பத்து, அதுவும் சாப்பாட்டு வரிசையில் ஒழுங்காக நின்றால். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவர் ஒருவர் வலது பக்கம் மூன்றாவது பெஞ்சில் இருக்கிறார், பரம்பரைக் கிறிஸ்தவளான பெண்டாட்டி ஞாயிற்றுக்கிழமை தூங்க, அவர் மட்டும் குளித்துவிட்டு வருகிறார், அவருக்கு எவ்வளவு போட. ஆசீர் இந்த மார்க் விஷயத்தைக் கேட்டுச் சிரிப்பார். முப்பத்தஞ்சு வாங்குனா பாஸ்தானட்டி, பரலோகத்துல ரேங்க் கார்டா குடுக்காவ என்பார். அவர் மின்சார வாரியத்தில் இருந்தவர், சேகரக் கமிட்டி எலெக்‌ஷன் என்றால் ஒரு மாசம் சோறு தண்ணீர் இல்லாமல் அலைவார், பிரசங்கம் ஆரம்பித்தால் தூங்குவார், ஆமென் சத்தத்துக்குச் சரியாக விழிப்பார். ஆனால் அசனத்தன்று ஆயிரம் பேருக்குச் சோறு வடிக்கிற இடத்தில் அவரைப் பார்க்க வேண்டும், ஆவியில் முகம் நனைந்து, யாரும் பசியோடு போயிரக் கூடாது என்று ஒரே பேச்சு. அதற்கு எத்தனை மார்க் என்று நான் யோசித்ததே இல்லை. முப்பத்திரண்டு வருஷம் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருநாள்கூட யோசிக்கவில்லை.

எனக்கு எவ்வளவு என்றால், பதினோரு வருஷமாக முட்டை. பெரிய இடி ஒன்றும் விழவில்லை. பத்தாம் வகுப்புப் பேப்பர் திருத்துகிற முகாம், ஒரு வாரம் அசதியில் ராத்திரி ஜெபம் பண்ணாமல் படுத்துவிட்டேன், எட்டாம் நாள்தான் கவனித்தேன், ஜெபிக்காததால் எதுவும் மாறவில்லை, உள்ளே யாரும் காத்திருந்த மாதிரியும் இல்லை. வீட்டில் ஒரு அறையைத் திறந்து பார்த்தால் சாமானே இல்லை, எப்போது காலி பண்ணினார்கள் என்றும் தெரியவில்லை. கதவைச் சாத்திவிட்டேன். ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்தேன், விசுவாசிக்கிறேன் என்று எல்லாரோடும் நின்று சத்தமாகச் சொன்னேன், இன்றைக்கும் அரைமணி நேரத்துக்கு முன்னால் சொன்னேன். விசுவாசம் போனதே தவிர பயம் போகவில்லை. திருவிருந்துக்கு முழங்கால் போடும்போதெல்லாம் பயம், தகுதியில்லாமல் குடிக்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்று சின்ன வயசில் சொல்லிக்கொடுத்தது அப்படியே இருக்கிறது. இல்லாதவர் என்று தெரிந்த பிறகும் அவருக்கு எதற்குப் பயப்படுகிறேன். இந்த இடத்தில் வந்ததும் மனசு நின்றுவிடும், கிணற்றில் வாளி எதிலோ மாட்டின மாதிரி, இழுத்தாலும் வராது, விட்டாலும் போகாது. ஆசீரிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். சிரித்துவிட்டு, சரி வா, கோயிலுக்கு நேரமாச்சு என்றிருப்பார்.

அன்று காலை நெஞ்செரிகிறது என்றார். நான் கூட வருகிறேன் என்று சேலை மாற்றக் கிளம்பினேன், உண்மையாகக் கிளம்பினேனா, பீரோவைத் திறந்தது ஞாபகம் இருக்கிறது. அவர்தான் சொன்னார், "நீ இரு, ஜெபத்த நிறுத்துனா எப்சிபா அக்கா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா, கெசியா வருதால்லா, போதும்." லீவுக்கு வந்திருந்த கெசியா ஏற்கெனவே ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்திருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் பீரோவைச் சாத்தினேன். பன்னிரண்டு பேருக்குப் பாய் விரிக்க வேண்டும், உபவாசம் முடிக்கக் கஞ்சி வைக்க வேண்டும். நம்பாத ஜெபத்துக்காக வீட்டில் இருந்தேன். நம்புகிறவள் இருந்திருந்தால்கூட அதில் ஒரு நியாயம் உண்டு. கெசியா கேட்டது ஸ்தோத்திரத்தை மட்டுமா, இந்தப் பீரோவையும் சேர்த்தா. பதில் சொல்லவேண்டும் என்றால் அந்த நிமிஷத்தில் என்ன நடந்தது என்று எனக்கே தெரிய வேண்டும், தெரியவில்லை. ஐயருடைய செருப்பு ஞாபகம் இருக்கிறது, கழற்றாமல் வாசற்படியில் நின்றார். அக்காவின் விரல் புத்தகத்தில் ஒரு வரியின் மேல் நின்றது ஞாபகம் இருக்கிறது. பாயின் ஓரம் பிரிந்திருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன், ஐயரைப் பார்க்கவில்லை, ஐயருடைய தோளுக்கு அந்தப் பக்கம் எதையோ பார்த்தேன், அந்த இடத்தில் படம் அறுந்துபோகிறது. எத்தனை தடவை ஓட்டினாலும் செருப்பு, விரல், பாய், அவ்வளவுதான்.

ஆமென். பிரசங்கம் முடிந்தது. ஜெபத்துக்குக் கண்ணை மூடியிருக்கிறார்கள், நான் திறந்து வைத்திருக்கிறேன். எனக்கு முன் பெஞ்சில் எப்சிபா அக்காவின் வெள்ளைச் சேலை முக்காடு. கடைசிப் பெஞ்சில், கதவோரம், கெசியா இருக்கிறாள். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு ஞாயிறு ஆராதனைக்கு வந்திருக்கிறாள், இன்றைய மன்றாட்டில் அப்பா பெயரை வாசிப்பார்கள் என்பதற்காக. முக்காடு போடவில்லை. சாட்சி நேரத்துக்கு அவள் இருப்பாளா, எழுந்து வெளியே போவாளா. இருந்து, நான் அந்தப் பழைய கதையையே மைக்கில் சொல்லக் கேட்டால், மூன்று மணி ரயிலோடு சரி, எனக்கு ஒரு மகள் பெங்களூரில் இருக்கிறாள் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்ளலாம். உள்ளதைச் சொன்னால்? எப்சிபா அக்கா இருக்கிறாளே. அடக்கம் முடிந்த பத்தாம் நாள் அவள் மட்டும் தனியாக வந்தாள், ஆயிரத்தைப் பாதியில் விடக்கூடாது, மிச்சம் நூற்று எண்பத்தெட்டையும் முடித்துவிடுவோம் என்று. நான் சொன்னதை எண்ணூற்றுப் பன்னிரண்டாவதாகக் கணக்கில் எடுத்துக்கொண்டாள். அவள் வாசித்தாள், நான் சொன்னேன். தொள்ளாயிரத்துச் சொச்சத்தில் சட்டென்று நிறுத்தினாள். குரல் சின்னதாகிவிட்டது. "டீச்சர், நெசமாவே ஒனக்குப் பயமா இல்லியா? எனக்கு ராப்பகலா பயமா இருக்கு. ஒன் ஸ்தோத்திரத்தப் பிடிச்சிக்கிட்டுத்தான் நடமாடுதேன்." நூற்றுக்கு நூறு போட்டிருந்தேன் இவளுக்கு. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த நம்பருக்குப் போனாள். அவள் பிடித்திருக்கிற கொம்பை முறிப்பதா, என் மகளை ரயிலேற்றிவிடுவதா. இரண்டில் எதை நினைத்தாலும் எனக்குத் துக்கம் வர வேண்டும், வரவில்லை.

லீதியாள் டீச்சர் என்று கூப்பிட்டுவிட்டார்கள். என் பெயர்தான். எழுந்தேன். நடந்தேன். கோயில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை மைக்கை என் உயரத்துக்கு இறக்கினார். கடைசிப் பெஞ்சில் கெசியா எழுந்து நின்றுவிட்டாள், ஒரு கை கதவில். அவள் போய்விடுவதற்குள் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது மண்டையில் இருந்தது, அக்காவும் இல்லை, ஆண்டவரும் இல்லை.

"எங்கிட்ட சாட்சி ஒண்ணும் இல்ல" என்றேன். "அன்னைக்கு ஐயா சொன்னது என் காதுல விழல. ஆயிரம் ஸ்தோத்திரம் ஓடிக்கிட்டிருந்துது, வாய்ப்பழக்கத்துல அடுத்ததச் சொல்லிட்டேன். அது விசுவாசம் இல்ல. எங்கிட்ட பதினோரு வருஷமா விசுவாசம் இல்ல. அவிய நெஞ்செரியுதுன்னதும் நான் கூடப் போயிருக்கணும். போகல."

வீட்டுப்பாடம் சொல்லி முடித்த மாதிரி நின்றேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கெசியாவின் கை கதவிலேயே இருந்தது. ஐயர் மெதுவாக வந்து என் பக்கத்தில் நின்றார், கண் கலங்கியிருந்தது அவருக்கு. மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "பார்த்தீர்களா சபையாரே" என்றார், "தன்னிடத்தில் ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொடுக்கிற இந்தத் தாழ்மையைப் பார்த்தீர்களா." ஸ்தோத்திரம் என்றது கோயில் மொத்தமும் ஒரே வாயாக. ஒருத்தி மட்டும் சொல்லவில்லை. எப்சிபா அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாய் மூடியிருந்தது, கோபமா என்றால் இல்லை, இவ்வளவு நாள் தனியாக நின்ற இடத்தில் இன்னொருத்தியைப் பார்த்தவள் மாதிரி இருந்தாள். எனக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. அப்போதுதான் கடைசிப் பெஞ்சைப் பார்த்தேன். கெசியா உட்கார்ந்துவிட்டாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

என் பெஞ்சில் உட்காராமல் பின்னால் நடந்தேன். எப்சிபா அக்கா பக்கத்தில் வந்தபோது அவள் கை நீண்டு என் முழங்கையை ஒரு நொடி பிடித்துவிட்டு விட்டது. கடைசிப் பெஞ்சில் கெசியா நகர்ந்து இடம் விட்டாள். பாட்டு நம்பரை அறிவித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, நேராச் சொன்னாலும் விடமாட்டாவ போலருக்கே என்றாள். ஆமா என்றேன். இரண்டு சரணம் போனது. சிரிப்பு போய்விட்டது அவளிடம். கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தைப் புரட்டாமலே வைத்திருந்தாள்.

"காதுல விழலன்னீங்களே. நெசமாவா? நேரா எங்களைப் பாத்துக்கிட்டுதான இருந்தீங்கம்மா."

செருப்பு, விரல், பாய். ஐயருடைய தோள். தோளுக்கு அந்தப் பக்கம் இவள். சொல்லச் சொல்லத்தான் எனக்கே தெரிந்தது. "ஐயரப் பாக்கல. ஒன்னயத்தான் பாத்தேன். ஒன் சட்டைக் கழுத்துல அவிய கண்ணாடி தொங்கிச்சு. அது இல்லாம வாசல் வரைக்கும் போவமாட்டாவ. அதப் பாத்த ஒடனே தெரிஞ்சி போச்சு. அதுக்குப் பொறவு யாரு என்ன சொன்னாவ, நான் என்ன சொன்னேன், ஒண்ணும் தெரியாதுட்டி."

கெசியாவின் கை தன்னால் கழுத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை, கையை அங்கேயே வைத்திருந்தாள். "ஊசி போடக் கழட்டச் சொன்னாங்கம்மா" என்றாள். "வச்சிரு, இந்தா வந்திருதேன்னு அப்பா எங்கிட்ட குடுத்தாங்க." கண்ணாடி இப்போது எங்கே என்று கேட்டேன். பெட்டியில் துணிக்கு நடுவில் வைத்திருக்கிறாள், என்னிடம் கொடுக்க மனசு வரவில்லை என்றாள்.

"நீயே வச்சுக்கோ" என்றேன்.

ஐயர் இரண்டு கையையும் உயர்த்தினார். ஆசீர்வாதத்துக்கு எல்லாரும் எழுந்து தலை குனிந்தார்கள். ஐம்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக நான் எழவில்லை, கெசியாவும் எழவில்லை, அவள் என் தோளில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள், என் ரவிக்கை நனைவது எனக்குத் தெரிந்தது.